பெயரில்லாத காசும் நாலு புள்ளிகளும்

பழைய காசு ஒன்று கையில் கிடைத்தால் யாராக இருந்தாலும் முதலில் தேடுவது ராஜாவின் பெயரைத்தான். பெயர் தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. எந்த நாடு, எந்தக் காலம், என்ன மதிப்பு என்று மற்றதெல்லாம் வரிசையாக வந்து நிற்கும். ஆனால், ராஜாவின் பெயரும் இல்லாமல், முகமும் இல்லாமல், வருஷமும் இல்லாமல், எந்த ஊரில் அடித்தது என்ற குறிப்பும் இல்லாமல் ஒரு காசு இருந்தால்?

அப்படிப்பட்ட காசுகள் உண்டு. ஒன்று இரண்டல்ல, ஆயிரக்கணக்கில். கான்ஸ்டாண்டிநோபிளைத் தலைநகராகக் கொண்டு, அதாவது இன்றைய இஸ்தான்புல்லில் இருந்து ஆண்ட பைசாண்டியப் பேரரசின் செப்புக் காசுகள் அவை. புத்தகங்களில் வெண்கலம் என்று எழுதுவார்கள், பெரும்பாலும் செம்புதான். சுமார் 970ல் தொடங்கி 1092 வரை, நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேல் அவை அடிக்கப்பட்டன. நாணய ஆய்வாளர்கள் இவற்றை ‘பெயரில்லா ஃபோலிஸ்’ என்கிறார்கள். ஃபோலிஸ் என்பது காசின் பெயர்.

இந்தக் காசுகளில் பழைய வகையைப் பிரித்து அடுக்குவதற்கு இருக்கிற ஒரே வழி, அவற்றில் உள்ள குட்டிக் குட்டி அலங்காரங்கள்தான். புள்ளி, பிறை, வைரக்கட்டம், சின்னக் கோடு. அதைத் தேடி லென்ஸும் கையுமாக வாழ்க்கையின் பெரும்பகுதியைச் செலவிட்டவர்கள் இருக்கிறார்கள். புள்ளியை எண்ணுவதில் அப்படி என்ன இருக்கிறது என்று தோன்றலாம். நிறையவே இருக்கிறது.

ராஜா ஏன் ஒதுங்கிக்கொண்டார்?

கதை ஒரு கொலையில் தொடங்குகிறது. 969ஆம் ஆண்டு டிசம்பர் மாதம், பனி பெய்த ஓர் இரவு. பேரரசர் இரண்டாம் நிகிஃபோரஸ் ஃபோகாஸ் தன் அரண்மனைப் படுக்கையறையிலேயே வெட்டிக் கொல்லப்பட்டார். வெட்டியவர்களை அழைத்து வந்தவர் ஜான் சிமிஸ்கிஸ் என்ற தளபதி. வெளியாள் அல்ல, இறந்தவருக்குச் சொந்த அக்கா தங்கை வழியில் மருமகன். அரண்மனைக்குள் வழி ஏற்படுத்திக் கொடுத்தவர் என்று சொல்லப்படுபவர் பேரரசி தியோஃபானோ.

மறுநாளே சிமிஸ்கிஸ் அரசராகிவிட்டார். ஆனால் முடிசூட்ட வேண்டிய தலைமை மதகுரு பாலியுக்டஸ் சம்மதிக்கவில்லை. கையில் ரத்தத்தோடு கோயிலுக்குள் வரக் கூடாது என்றார். தியோஃபானோவை அரண்மனையை விட்டு அனுப்ப வேண்டும், வெட்டியவர்களைக் காட்டிக் கொடுக்க வேண்டும், பிராயச்சித்தம் செய்ய வேண்டும் என்று நிபந்தனை போட்டார். சிமிஸ்கிஸ் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். பேரரசி நாடு கடத்தப்பட்டார். அந்த வருடக் கிறிஸ்துமஸ் நாளில் முடிசூட்டு விழா நடந்தது.

இந்த மனிதர்தான் பிறகு ஒரு புது ஆணை போட்டார். காசுகளில் கிறிஸ்துவின் உருவத்தைப் பொறிக்கச் சொன்னார். பதினோராம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வரலாறு எழுதிய ஜான் ஸ்கிலிட்ஸஸ் இதைக் குறித்து வைத்திருக்கிறார். தங்கக் காசில் கிறிஸ்து உருவம் அதற்கு முன்பே வந்துவிட்டது. ஏழாம் நூற்றாண்டின் கடைசியில் இரண்டாம் ஜஸ்டினியன் செய்தது அது. ஆனால் ஏழைகளும் கடைக்காரர்களும் கையாளும் செப்புக் காசில், அரசரை முழுவதுமாக எடுத்துவிட்டு அந்த இடத்தில் கடவுளை வைத்தது புதுசு.

பாவமன்னிப்பா, பக்தியா, இல்லை ‘என் ஆட்சிக்கு ஆண்டவனே சாட்சி’ என்று ஊருக்குச் சொல்கிற சாமர்த்தியமா? ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். சிமிஸ்கிஸ் 976ல் இறந்துபோனார். காசு மட்டும் அவரைத் தாண்டி ஓடியது. அடுத்து வந்தவர்களும் அதையே தொடர்ந்தார்கள். அதில்தான் சிக்கல் ஆரம்பம். ஒருவர் பின் ஒருவராக அரசர்கள் வந்து போக, காசில் யார் பெயரும் இல்லை. எது யாருடையது என்று எப்படிச் சொல்வது?

காசைக் கையில் எடுத்தால்

நல்ல நிலையில் இருக்கும் ஒன்றைக் கற்பனை செய்து பாருங்கள். பத்து ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிசு, கனமும் கூடுதல். விளிம்பு கச்சிதமான வட்டமாக இருக்காது. சுத்தியலால் கையில் அடித்த காசு அது. மண்ணுக்குள் கிடந்ததால் கரும்பச்சையாகவோ பழுப்பாகவோ ஒரு படிவம் மேலே இருக்கும்.

முன்பக்கம் கிறிஸ்துவின் மார்பளவு உருவம். தாடி, நீண்ட முடி, தலைக்குப் பின்னால் ஒளிவட்டம். அந்த வட்டத்துக்குள் சிலுவையின் மூன்று கைகள் தெரியும். கையில் சுவிசேஷப் புத்தகம். காசைப் பக்கவாட்டில் திருப்பினால் பின்பக்கம் தலைகீழாக வரும். மேலிருந்து கீழாகப் புரட்டினால்தான் எழுத்து நேராக நிற்கும். பைசாண்டியக் காசுகளில் பெரும்பாலும் அப்படித்தான். பின்பக்கத்தில் உருவம் எதுவும் கிடையாது. நாலு வரி எழுத்து மட்டும். ‘இயேசு கிறிஸ்து, ராஜாக்களின் ராஜா’ என்று பொருள். எழுத்தோ பாதி கிரேக்கம், பாதி லத்தீன். ஒரே சொல்லுக்குள்ளேயே இரண்டும் கலந்து கிடக்கும்.

இந்த வகைக்கு ஆய்வாளர்கள் வைத்த பெயர் ‘ஏ’ வகுப்பு. அதிலும் சிறியதாக, எடை குறைந்து இருப்பது ‘ஏ-1’. அது சிமிஸ்கிஸ் காலத்தது. பெரிதாக, கனமாக இருப்பது ‘ஏ-2’. அதன் பிறகு கொஞ்சம் அளவு குறைந்து வருவது ‘ஏ-3’. இந்த இரண்டும் இரண்டாம் பேசிலும் அவர் தம்பி எட்டாம் கான்ஸ்டன்டைனும் ஆண்ட காலத்தவை. 976 முதல் 1028 வரை, ஐம்பத்திரண்டு வருஷம். அவ்வளவு நீண்ட காலத்துக்கும் ஒரே முகம், ஒரே நாலு வரி!

கண்ணுக்கு எல்லாம் ஒன்று போலத்தான் தெரியும். லென்ஸை வைத்தால்தான் விஷயம் வெளிவரும். பார்க்க வேண்டிய இடங்கள் மூன்று.

முதல் இடம், ஒளிவட்டத்துக்குள் இருக்கும் சிலுவையின் கைகள். சிலவற்றில் ஒவ்வொரு கையிலும் ஒரு புள்ளி. சிலவற்றில் இரண்டு. சிலவற்றில் பிறை போன்ற வளைவு.

இரண்டாவது இடம், புத்தகத்தின் அட்டை. நடுவில் ஒரே ஒரு புள்ளி வைத்தது உண்டு. பகடையில் ஐந்து விழுந்தது போல நாலு மூலைக்கு நாலும் நடுவில் ஒன்றுமாக வைத்தது உண்டு. பெரிய புள்ளியைச் சுற்றிச் சின்னப் புள்ளிகளைக் கோலம் மாதிரி இட்டதும் உண்டு.

மூன்றாவது இடம், பின்பக்க எழுத்துக்கு மேலேயும் கீழேயும். அங்கே ஒரு சின்ன அலங்காரம் இருக்கும். கோட்டுக்கு நடுவே வைரக்கட்டம், பிறை, புள்ளி, இலை மாதிரி ஒன்று என்று பல தினுசு.

இந்த மூன்றையும் சேர்த்துப் படித்தால் ஒரு ‘ரகம்’ கிடைக்கும். மூன்று இடங்களிலும் மாறி மாறி வருவதைக் கணக்கெடுத்துச் சுமார் ஐம்பது ரகங்கள் வரை பட்டியல் போட்டிருக்கிறார்கள்.

பட்டியல் போட்டவர்கள்

இந்தப் பட்டியல் ஒரே நாளில், ஒரே ஆளால் வந்ததில்லை. 1908ல் பிரிட்டிஷ் மியூசியத்தின் பைசாண்டியக் காசுகளுக்கு வார்விக் ராத் இரண்டு தொகுதிகளில் ஒரு விவரப் பட்டியல் வெளியிட்டார். இருபது ஆண்டுகள் கழித்து 1928ல், ஆல்ஃபிரட் பெல்லிங்கர் என்ற அமெரிக்கப் பேராசிரியர் பெயரில்லாக் காசுகளுக்கென்றே தனி நூல் எழுதினார்.

அதன் பிறகு வேலையை நகர்த்தியவர் மார்கரெட் தாம்ஸன். ஏதென்ஸ் நகரின் நடுவே ‘அகோரா’ என்ற பழைய சந்தைவெளியில் 1931 முதல் அமெரிக்க ஆய்வாளர்கள் அகழாய்வு செய்து வருகிறார்கள். அங்கே மண்ணிலிருந்து வந்த ரோமானியக் காலம் முதல் வெனிஸ் காலம் வரையிலான காசுகளை ஒவ்வொன்றாகப் பார்த்து அவர் எழுதிய தொகுதி 1954ல் வந்தது. பெயரில்லாக் காசுகளின் வகுப்புகளை அதில் மறுபடி வரிசைப்படுத்தினார். அவருக்கு முன்பே கொரிந்து நகரத்து அகழாய்வுக் காசுகளுக்கு இதே வேலையைச் செய்து 1933ல் நூலாக்கியவர் கேத்தரின் எட்வர்ட்ஸ். இந்த இரண்டு பெண்களும் பார்த்தவை கண்ணாடிப் பெட்டியில் வைக்கிற அழகுக் காசுகள் அல்ல. தேய்ந்தது, உடைந்தது, உப்பு பூத்தது என்று யாரும் விலைக்கு வாங்காத காசுகள்.

ஒளிவட்டம், புத்தகம், பின்பக்கம் என்ற மூன்றையும் வைத்து இன்று எல்லோரும் கையாளும் ரக எண்களைத் தந்தது 1973ல் வந்த டம்பர்ட்டன் ஓக்ஸ் பட்டியலின் மூன்றாம் தொகுதி. டம்பர்ட்டன் ஓக்ஸ் என்பது அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் இருக்கும் ஆய்வு நிலையம். தொகுதியை எழுதியவர் ஃபிலிப் கிரியர்சன்.

கிரியர்சன் காசுக்கு வந்த கதை சுவாரஸ்யமானது. 1910ல் டப்ளினில் பிறந்து, கேம்பிரிட்ஜில் வரலாறு சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தவர். முப்பத்தைந்து வயதை நெருங்கும் வரை காசு பற்றி அவருக்கு அக்கறையே இல்லை. 1944ன் கடைசியில் ஊருக்குப் போனபோது, அப்பாவின் பொருட்களுக்கு நடுவே ஒரு பழைய செப்புக் காசு கண்ணில் பட்டது. ஃபோகாஸ் என்ற ஏழாம் நூற்றாண்டுப் பைசாண்டிய அரசரின் காசு அது. என்னவென்று தெரிந்துகொள்ளப் போனவர், மாணவர்களுக்குக் காட்ட நாலு காசு இருந்தால் நன்றாயிருக்குமே என்று வாங்க ஆரம்பித்தார். ஆரம்பித்தவர் நிறுத்தவேயில்லை. 2006ல் தொண்ணூற்றைந்து வயதில் இறந்தபோது, அவர் சேர்த்த இருபதாயிரம் வரையிலான இடைக்கால ஐரோப்பியக் காசுகள் கேம்பிரிட்ஜின் ஃபிட்ஸ்வில்லியம் மியூசியத்துக்குப் போய்ச் சேர்ந்தன. திருமணம் செய்துகொள்ளாமல் ஒரே கல்லூரியில் எழுபது ஆண்டுகளுக்கு மேல் காலம் கழித்த மனிதர், காசைப் பெட்டியில் பூட்டி வைக்கவில்லை. மாணவர்கள் கையில் கொடுத்துப் பார்க்கச் சொன்னார்.

ஒன்றின் மேல் ஒன்று

ரகம் பிரிப்பது இருக்கட்டும், எது முதலில், எது பிறகு என்று எப்படிக் கண்டுபிடித்தார்கள்? இங்கே உதவியது பைசாண்டிய நாணயச்சாலையின் சிக்கனம்.

புதுக் காசு அடிக்க வேண்டுமென்றால் செம்பை உருக்கி, தட்டி, வட்டமாக வெட்ட வேண்டும். அதற்கு விறகு, ஆள், நேரம் எல்லாம் செலவு. பழைய காசையே எடுத்து அதன் மேல் புது அச்சை வைத்து ஓங்கி ஒரு போடு போட்டால் வேலை முடிந்தது. சரியாக அழியாத சிலேட்டில் மறுபடி எழுதியது மாதிரி, பழைய உருவம் அடியில் கொஞ்சம் தெரியும். புதுக் கிறிஸ்துவின் தோளில் பழைய எழுத்தின் வால், புதுச் சிலுவையின் ஓரத்தில் பழைய ஒளிவட்டத்தின் வளைவு.

இது அசிங்கமான காசு என்று தள்ளிவிடுபவர்கள் உண்டு. ஆய்வாளருக்கு அது சாட்சிப் பத்திரம். மேலே இருப்பது கீழே இருப்பதற்குப் பிந்தியது. இதில் வாதத்துக்கே இடமில்லை. ‘ஏ’ மேல் ‘பி’ அடித்திருந்தால் ‘பி’ பிந்தியது. ‘பி’ மேல் ‘சி’ இருந்தால் அது அதற்கும் பிந்தியது. இடையில் பத்தாம் கான்ஸ்டன்டைன் போன்ற சில அரசர்கள் செப்புக் காசில் தங்கள் பெயரையும் உருவத்தையும் மறுபடி போட்டார்கள். பெயர் உள்ள அந்தக் காசுகளின் மேல் பெயரில்லாக் காசு அடிக்கப்பட்டிருந்தால் காலமும் கையில் வந்துவிடுகிறது.

இப்படித்தான் படிகளின் மேல் நிற்கும் சிலுவை உள்ள ‘பி’ வகுப்பு மூன்றாம் ரோமானஸ் காலத்தது, மணிகள் பதித்த சிலுவை உள்ள ‘சி’ வகுப்பு நான்காம் மைக்கேல் காலத்தது என்று அடுத்தடுத்து வரிசை கட்ட முடிந்தது. 1092ல் முதலாம் அலெக்சியஸ் நாணய முறையையே மாற்றி அமைத்தபோது இந்தப் பெரிய செப்புக் காசு முடிவுக்கு வந்தது.

ஆனால் மேல் அடி முறை வகுப்புகளுக்குத்தான் பெரிதாக உதவும். ‘ஏ-2’ வகுப்புக்குள்ளேயே இருக்கும் ஐம்பது வருஷத்தைப் பிரித்துக் காட்ட அது போதாது. அங்கே மறுபடியும் புள்ளிதான் கதி.

புள்ளி என்ன சொல்கிறது?

பையில் ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் காசு இருந்தால் எடுத்துப் பாருங்கள். வருஷத்துக்குக் கீழே ஒரு சின்னக் குறி இருக்கும். வைரக்கட்டம் என்றால் மும்பையில் அடித்தது. நட்சத்திரம் என்றால் ஹைதராபாத். புள்ளி என்றால் நொய்டா. ஒன்றுமே இல்லையென்றால் கொல்கத்தா. தினம் காசை மாற்றிக் கொடுத்து வாங்குகிற பல பேருக்கு இது தெரியாது. தெரியாததால் யாருக்கும் நஷ்டமும் இல்லை. காரணம், அந்தக் குறி கடைக்காரருக்காகவோ வாங்குபவருக்காகவோ போட்டதல்ல. நாணயச்சாலை தன் கணக்குக்காகப் போட்டுக்கொண்டது.

ஆயிரம் வருஷம் கழித்து, இந்த விளக்கம் எழுதிய எல்லாக் காகிதமும் அழிந்துபோய், காசு மட்டும் மிஞ்சினால்? வைரக்கட்டத்தையும் நட்சத்திரத்தையும் பார்த்து யாரோ ஒருவர் இப்படித்தான் மண்டையை உடைத்துக்கொள்வார். பெயரில்லா ஃபோலிஸ் விஷயத்தில் இன்றைய நிலைமை அதுதான்.

மூன்று விதமாக யோசிக்கலாம். வெறும் அழகுக்குப் போட்டதாக இருக்கலாம். அச்சு வெட்டுகிற ஆசாரி தன் கைபோன போக்கில் ஒரு புள்ளி கூட்டி, ஒரு புள்ளி குறைத்து வைத்திருக்கலாம். அல்லது காலத்தைக் குறித்ததாக இருக்கலாம். இந்தத் தொகுதி அடித்து முடிந்தது, அடுத்த தொகுதிக்கு அடுத்த குறி என்று. அல்லது இடத்தைக் குறித்திருக்கலாம். தலைநகரில் எந்தப் பட்டறை, அல்லது வெளியூரில் எந்த நாணயச்சாலை என்று.

முதல் யோசனையை இடிக்கிற விஷயம் ஒன்று உண்டு. முன்பக்க அச்சும் பின்பக்க அச்சும் தனித்தனி. கைபோன போக்கில் வெட்டியிருந்தால் எந்தப் புத்தக அலங்காரமும் எந்தப் பின்பக்க அலங்காரத்தோடும் கலந்து வர வேண்டும். நடைமுறையில் அப்படி இல்லை. குறிப்பிட்ட ஒளிவட்டப் புள்ளி, குறிப்பிட்ட புத்தக அட்டையோடும் குறிப்பிட்ட பின்பக்கக் குறியோடும் திரும்பத் திரும்பச் சேர்ந்தே வருகிறது. அதனால்தான் ரகம் என்றே ஒன்றைப் பிரிக்க முடிகிறது. எங்கேயோ யாரோ ‘இதற்கு இது’ என்று ஒழுங்கு வைத்திருக்கிறார்கள்.

அந்த ஒழுங்கு காலமா, இடமா? ஆக்ஸ்ஃபோர்டில் இருந்த மைக்கேல் மெட்காஃப் 1970ல் இதற்கு ஒரு பதில் எழுதினார். சில ரகங்கள் தலைநகரில் அல்ல, கிரேக்கப் பகுதியில் இருந்த நாணயச்சாலையில் அடிக்கப்பட்டிருக்க வேண்டும் என்பது அவர் வாதம். காசின் பாணியோடு அவர் பிடித்துக்கொண்ட முக்கியமான நூல், அவை கிடைத்த ஊர்கள். சில்லறைக் காசு அதிகத் தூரம் பயணிக்காது. தங்கம் நாடு விட்டு நாடு போகும். செம்பு, அடித்த ஊரைச் சுற்றியே காய்கறிக்கும் ரொட்டிக்கும் செலவாகி முடியும். அந்தக் காலத்தில் 288 ஃபோலிஸ் சேர்ந்தால்தான் ஒரு தங்கக் காசு. அப்படிப்பட்ட சில்லறையை மூட்டை கட்டித் தூக்கிக்கொண்டு யார் தூரதேசம் போவார்கள்? எனவே ஒரு ரகம் ஓரிடத்தில் அடர்ந்து கிடைத்தால், அது அங்கே பிறந்ததற்கான அடையாளம் என்று எடுத்துக்கொள்ளலாம். இந்த வாதத்தை எல்லோரும் ஏற்றுக்கொண்டுவிடவில்லை. விவாதம் ஓடிக்கொண்டேதான் இருக்கிறது.

கிடைத்த இடம் தொலைந்தால்

இங்கேதான் புள்ளி எண்ணுகிறவர்களின் மனசாட்சியைக் குத்துகிற கேள்வி வருகிறது. கிடைத்த ஊரை வைத்துத்தான் ரகத்தின் பிறப்பிடத்தைச் சொல்ல முடியும் என்றால், கிடைத்த ஊர் தெரியாத காசு எதற்கு ஆகும்?

இன்று உலகம் முழுக்கச் சேகரிப்பாளர்கள் கையில் இருக்கிற பெயரில்லா ஃபோலிஸ்களில் பெரும்பாலானவற்றுக்கு ஊர் கிடையாது. உலோகம் காட்டும் கருவியோடு இரவில் வயலில் இறங்குகிறவர்கள் தோண்டி எடுக்கிறார்கள். கிரீஸிலும் துருக்கியிலும் மண்ணுக்குள் இருக்கும் தொல்பொருள் அரசின் சொத்து. அதனால் எடுத்தவர் எங்கே எடுத்தேன் என்று சொல்ல மாட்டார். கை மாறும்போது பத்து ஊர்க் காசு ஒரே சாக்கில் கலந்துவிடும். கடைசியில் ‘சுத்தம் செய்யாத பழங்காசு, நூறு எண்ணம்’ என்று எடைக்கு விற்பனைக்கு வரும். மலிவு. பார்சல் வீட்டுக்கே வந்துவிடும்.

வாங்கியவர் ஆசையாக உட்கார்ந்து சுத்தம் செய்கிறார். பொறுமை இல்லாதவர் மின்சாரத் தொட்டியிலோ அமிலத்திலோ போட்டு எடுக்கிறார். பச்சைப் படிவம் போய்ச் செம்பு பளிச்சென்று தெரிகிறது. கூடவே புத்தக அட்டையில் இருந்த ஐந்து புள்ளிகளும் போய்விடுகின்றன. அந்தப் படிவத்துக்குள்தான் காசின் மேல்தோலே இருந்தது. ஆயிரம் வருஷம் மண்ணுக்குள் காப்பாற்றி வைத்ததை அரை மணி நேரத்தில் கழுவியாகிவிட்டது.

அகோராவில் மார்கரெட் தாம்ஸன் பார்த்த தேய்ந்த காசு ஒவ்வொன்றுக்கும் ஒரு குறிப்பு இருந்தது. எந்தப் பகுதி, எந்த நாள், எதோடு சேர்ந்து கிடைத்தது என்று. அதனால் அந்தத் தேய்ந்த காசு பேசுகிறது. சாக்கிலிருந்து வந்த அழகான காசு பேசாது. ஐம்பது ரகத்தையும் முழுசாகச் சேர்த்து, வெல்வெட் தட்டில் அடுக்கி வைத்திருக்கிறவர், அந்த ரகங்கள் ஏன் வந்தன என்ற கேள்விக்குப் பதில் கிடைக்கும் வாய்ப்பை ஒவ்வொரு காசாக வாங்கி அடைத்துக்கொண்டிருக்கிறார் என்று சொன்னால் அவருக்குக் கோபம் வரும். ஆனால் அதில் உண்மை இருக்கிறது.

சேகரிப்பாளர் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. கிரியர்சனே வாங்கிச் சேர்த்தவர்தான். அவரைப் போன்றவர்கள் சேர்க்காமல் இருந்திருந்தால், எத்தனையோ காசுகள் உருக்கப்பட்டுப் பாத்திரமாகியிருக்கும். தவிர, மியூசியத்துக்கு ‘வைரக்கட்டம் உள்ள காசு ஒன்று’ போதும். ஒரே ரகத்தில் முப்பதைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அச்சு ஒன்றா இரண்டா என்று பார்க்கிற பைத்தியம் சேகரிப்பாளருக்குத்தான் இருக்கும். அந்தப் பைத்தியத்தால் அறிவுக்கு லாபமும் வந்திருக்கிறது. பொறுப்பு எங்கே என்றால், எதை வாங்குகிறோம், எதைக் குறித்து வைக்கிறோம் என்பதில்தான். ஊர் தெரிந்த பழைய சேகரிப்பிலிருந்து வந்ததை வாங்குவது, கூட வந்த காகித உறையைத் தூக்கி எறியாமல் வைத்திருப்பது, எடையையும் அளவையும் படத்தையும் பதிவு செய்வது, சாக்கு மூட்டையைத் தொடாமல் இருப்பது. பெரிய தியாகம் ஒன்றுமில்லை.

இல்லாத புள்ளியைப் பார்க்கும் கண்

இன்னொரு ஆபத்தும் உண்டு. அது கண்ணில் இருக்கிறது.

பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு காசைப் பார்க்க உட்கார்ந்தவருக்கு, பட்டியலில் இல்லாத ரகம் கண்டுபிடிக்க வேண்டும் என்ற ஆசை தானாக வந்துவிடும். கையால் அடித்த காசில் அச்சு கொஞ்சம் விலகியிருந்தால் மேலே உள்ள குறி விளிம்புக்கு வெளியே போயிருக்கும். உடனே ‘மேலே குறி இல்லாத புது ரகம்’ என்று தோன்றும். அச்சில் விழுந்த விரிசல் பிறை மாதிரி தெரியும். ஒட்டிய மண் ஆறாவது புள்ளியாகும். தேய்ந்து போன புள்ளி, வைக்கவே வைக்காத புள்ளி போலத் தோற்றம் தரும். புள்ளி இல்லை என்பதும், புள்ளி தெரியவில்லை என்பதும் வேறு வேறு. இந்த வித்தியாசத்தைக் கற்றுக்கொள்ள சிலருக்குப் பத்து வருஷம் ஆகிறது.

அனுபவசாலிகள் செய்வது எளிமையான காரியம். விளக்கை நேர் மேலே வைக்காமல் பக்கவாட்டில், தாழ்வாக வைப்பார்கள். மேடு பள்ளம் நிழலாக விழும். காசைச் சுற்றித் திருப்பி நாலு பக்கத்திலிருந்தும் பார்ப்பார்கள். கண்ணுக்குத் தெரிந்ததைப் பட்டியலைத் திறக்கும் முன்பே காகிதத்தில் வரைந்துவிடுவார்கள். முதலில் வரைவது, பிறகு ஒப்பிடுவது. வரிசை மாறினால், பட்டியலில் இருப்பதே காசிலும் தெரிய ஆரம்பித்துவிடும். மூன்று இடங்களில் இரண்டு தெளிவாக இருந்தால் ரகத்தைச் சொல்வார்கள். ஒன்றுதான் தெளிவு என்றால் ‘ஏ-2, ரகம் சொல்ல இயலாது’ என்று எழுதி மூடி வைப்பார்கள். அப்படி எழுதுவதற்கு ஒரு நேர்மை வேண்டியிருக்கிறது. ஆசைப்பட்ட பதிலை எழுதிவிடுவது சுலபம்.

எல்லாத் தொழிலுக்கும் பொருந்துகிற பழக்கம் இது. ரத்தப் பரிசோதனைக் கண்ணாடித் தகட்டைப் பார்ப்பவருக்கும், கல்வெட்டுப் படிப்பவருக்கும், பிள்ளையின் முகம் பார்த்துக் காய்ச்சலா இல்லையா என்று முடிவு செய்கிற அம்மாவுக்கும். முதலில் இருப்பதைப் பார்க்க வேண்டும். பெயர் வைப்பது அப்புறம்.

ஆயிரம் வருஷத்துக்கு முன் கான்ஸ்டாண்டிநோபிளின் கடைத்தெருவில் ரொட்டிக்கு இந்தக் காசைக் கொடுத்தவரும் வாங்கியவரும் புத்தக அட்டையில் எத்தனை புள்ளி என்று எண்ணியிருக்க மாட்டார்கள். ஆனால் அதை வெட்டியவர் எண்ணித்தான் வெட்டினார். அவர் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. அவர் கையால் வைத்த நாலு புள்ளி மட்டும் பாக்கி இருக்கிறது. அது எந்த ஊரிலிருந்து வந்தது என்பதை மட்டுமாவது தொலைத்துவிடாமல் வைத்திருந்தால், ஏன் வைத்தார் என்று ஒருநாள் யாராவது சொல்லிவிடக்கூடும்.